கிருபையை நம்புகிறவன் கடன் கணக்கைக் கிழித்துவிட வேண்டுமா?

வாசகர் கேள்வி, 17 பிப்ரவரி 2024

ஐயா, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அப்பா தொடங்கிய மளிகைக் கடையை நான் நடத்தி வருகிறேன். என் தம்பி கல்லாவையும் வங்கிக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஏறக்குறைய 40,000 வெள்ளியை எடுத்துச் சூதில் விட்டான். அதற்கு மேல் ஆ லோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடனையும் நான்தான் அடைத்தேன். மூன்று ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தவன், இப்போது சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறான், அழுகிறான், மறுபடியும் கடைக்கு வருகிறேன் என்கிறான். கிருபை பெற்றவர்கள் கிருபை காட்ட வேண்டும் என்று போதகர் எனக்குப் புத்தி சொல்கிறார். என் மனத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: கிருபை என்ற போதனைதான் நம் ஆட்களைப் பொறுப்பற்றவர்களாக்கி வைத்திருக்கிறது. தப்புச் செய்தவனுக்கு ஒரு துளிக் கண்ணீர் போதும்; பறிகொடுத்தவன்தான் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டும். இது தவறான எண்ணம் என்றால் எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு இரவு

தம்பி, உங்கள் கேள்வியைக் காலை ஆராதனைக்குப் புறப்படுமுன் படித்தேன். ஆராதனை முடியும்வரை அது மனத்தைவிட்டு நீங்கவில்லை.

நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு பவுலின் காதிலேயே விழுந்திருக்கிறது. அதனால்தான் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று அவரே கேட்டு, உடனே "கூடாதே" என்று மறுக்கிறார். சென்ற நூற்றாண்டில் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் இதே சிக்கலுக்கு "மலிவான கிருபை" என்று பெயரிட்டு 1937ஆம் ஆண்டு எழுதினார். மனந்திரும்புதலைக் கேட்காமலே மன்னிப்பை வாரி வழங்கும் பிரசங்கம் திருச்சபைக்குக் கொடிய பகை என்பது அவருடைய கருத்து. இட்லரின் ஆட்சியை எதிர்த்து நின்று 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட அவர், அந்தக் கருத்துக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். ஆகவே உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மற்றப் பாதியைப் பற்றி எழுத எனக்குச் சில நாட்கள் வேண்டும். இன்று திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் இறந்த நாள். 1546ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 18ஆம் தேதி அவர் இறந்தபின், அவருடைய கடைசிக் கையெழுத்தாகக் கிடைத்த சீட்டில் "நாம் பிச்சைக்காரர்கள், இது மெய்" என்ற வார்த்தைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் இதை முதன்முதலில் கேட்ட நாளில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. பால்மரம் வெட்டி, வெட்டிய பாலுக்குக் கூலி வாங்கி, ஒருவரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்த்த வீட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் அவமானமாக இருந்தது. இன்று 68 வயதிலும் அந்த உறுத்தல் முழுவதும் போய்விடவில்லை. உங்கள் கேள்வி தொட்ட இடம் அதுதான்.

20 பிப்ரவரி 2024

என்னிடமும் ஒரு கணக்கு உண்டு.

1997ஆம் ஆண்டு என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, கட்டுமான இடங்களுக்கு மணல் ஏற்றும் லாரி ஒன்றைத் தவணையில் வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு நாடு முழுவதும் கட்டட வேலைகள் நின்றுபோயின. 1998 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பைக் கட்டி நிறுத்திய காலம் அது. லாரியை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் வந்தது போக மீதி 18,000 வெள்ளி ஜாமீன்காரன் தலையில் விழுந்தது. மைத்துனர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஜொகூர் பக்கம் போய்விட்டார்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கிராணியாக இருந்தேன். மாதம் 240 வெள்ளி வீதம் 1999 ஜனவரி முதல் 2005 மார்ச் வரை 75 மாதங்கள் கட்டி முடித்தேன். கட்டியதையெல்லாம் ஒரு 555 நோட்டில் எழுதி வைத்தேன். மளிகைக் கடைக்காரரான உங்களுக்கு அந்த நோட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும், கடன் சொல்லிச் சாமான் வாங்கிய எல்லோருடைய பெயரும் அதில் ஏறியிருக்கும். என் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் தேதி, கட்டிய தொகை, மீதி ஆகிய மூன்றும் இருக்கும். மீதியைச் சிவப்பு மையில் எழுதுவேன். 2001ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் மட்டும் மை கலைந்திருக்கும். மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்க முடியாமல் போன மாதம் அது.

கடைசித் தவணை கட்டிய அன்று மாலை நான் ஜெபம் பண்ணி அவரை மன்னித்துவிட்டேன். அதன்பின் என் மனம் இலேசாயிற்று. இதை நான் பெருமைக்காக எழுதவில்லை; மன்னிக்கிறவனுக்கும் அதில் விடுதலை உண்டு என்று உங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன்.

21 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதின் கடைசிப் பத்தி உண்மையன்று. என் மனைவி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "2009இல் நம் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

பெயர் இல்லை. நான்தான் போடவில்லை. கிறிஸ்தவக் கல்யாணமானாலும் தாய்மாமனுக்கு உரிய இடம் நம் வீடுகளில் மாறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அவர் மண்டபத்தில் கடைசி வரிசையில், சொந்த அக்காள் மகளின் திருமணத்தில், அழைக்கப்பட்ட அந்நியரைப்போல உட்கார்ந்திருந்தார். ஆகவே 2005இல் மன்னித்துவிட்டேன் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அன்று கடன் தீர்ந்தது, அவ்வளவே.

25 பிப்ரவரி 2024

பரமண்டல ஜெபத்தைப் பற்றி ஒன்று.

கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது "எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறோம். நாவு அதற்குப் பழகிவிட்டது. ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு ஆறாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தைத் திறந்து பாருங்கள்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லும் கடனைத்தான் குறிக்கிறது. 75 மாதங்கள் ஞாயிறுதோறும் அந்த ஜெபத்தைச் சொன்னேன், ஒருமுறைகூட என் சட்டைப் பையில் இருந்த நோட்டு நினைவுக்கு வரவில்லை. குற்றம் என்றால் எனக்குப் பொய்யும் கோபமும் நினைவுக்கு வரும். கடன் என்று சொல்லியிருந்தால் நாவு தடுக்கியிருக்கும்.

அதே மத்தேயுவின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் வேலைக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எஜமானுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் அந்தக் கடனை அடைக்க 2,00,000 ஆண்டுகள் உழைக்க வேண்டும். அப்படிப்பட்ட கடன் மன்னிக்கப்பட்டவன், வெளியே வந்ததும் தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான்.

பிரசங்கங்களில் அந்த 100 வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 100 நாள் கூலி என்பது அற்பமன்று. இந்த 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி, மாதம் 26 வேலை நாள் என்று போட்டால் அது ஏறக்குறைய 5,770 வெள்ளி ஆகிறது. வெள்ளி என்ற சொல்லையே பணத்துக்கு வைத்திருக்கும் நமக்கு இந்த வசனம் இன்னும் சற்று நெருங்கியே கேட்கும். இயேசு அந்தத் தொகையைச் சில்லறைக் காசாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இழந்தவனுக்கு இழப்பு மெய் என்பதை அவர் மறைக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். உங்கள் 40,000 வெள்ளியும் மெய். "அது ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவர் கிருபையைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றுமில்லாததை மன்னிக்க வேண்டிய தேவையே இல்லையே.

2 மார்ச் 2024

திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் கதையை எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கதை எனக்கு என் அப்பாவின் குரலில்தான் கேட்கும்.

நாங்கள் இருந்தது கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாய் நிற்பார்கள், கிராணி பெயர் வாசிப்பார். தாமதமாக வந்தவனுக்கும் பாதியில் காய்ச்சலோடு திரும்பியவனுக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். மழை கொட்டினால் மரம் வெட்ட முடியாது, அன்று பேரே இல்லை. முழுப்பேரா அரைப்பேரா என்பதில்தான் மாதக் கடைசியில் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட மனிதரிடம், காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில் வந்து ஒருமணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி என்ற கதையைப் போதகர் வாசித்தார். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா கோபப்படுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "கடைசியில் வந்தவனிடம் ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்கிறார். ஒருவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறான். அவன் நாள் முழுவதும் நின்றிருக்கிறானடா. நிற்கிறது வெட்டுகிறதைவிடக் கஷ்டம்." வயதாகிவிட்டது என்று பெயர் கொடுக்க மறுக்கப்பட்டவர்கள் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் வெயில் ஏறும்வரை நின்றதை அவர் பார்த்திருந்தார். அவர்கள் வீட்டிலும் அன்று மாலை அரிசி வேண்டும். ஒரு நாளுக்குத் தேவையான ஒரு பணத்தை எஜமான் எல்லோருக்கும் கொடுத்தான் என்பதை அப்பா நியாயம் என்றே எண்ணினார்.

கிருபையைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல விளக்கம் அதுதான்.

5 மார்ச் 2024

விசுவாசத்தைப் பற்றி எழுதாமல் கிருபையைப் பற்றி மட்டும் எழுதினால் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவதாகும். ஒரு சகோதரி, தம் தாயார் சிறுநீரகச் சுத்திகரிப்பில் இருப்பதாகவும், வீட்டுக்கு ஜெபிக்க வந்த சிலர் "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை" என்று படுக்கையருகிலேயே சொல்லிவிட்டுப் போனதாகவும் எழுதியிருக்கிறார். எனக்கு அதைப் படித்தபின் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படிச் சொல்கிறவர்கள் விசுவாசத்தைப் பணமாக்கிவிடுகிறார்கள். இவ்வளவு விசுவாசத்துக்கு இவ்வளவு சுகம் என்று விலை பேசினால், கிருபை என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. சுவிசேஷத்தில் நோயுற்ற பிள்ளையின் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். பாதி விசுவாசமும் பாதி அவிசுவாசமுமாக வந்தவனின் பிள்ளை சுகமாயிற்று. பவுலோ தன் மாம்சத்தில் முள்ளாய் இருந்து வருத்திய உபாதை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலையே பெற்றார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு? அம்மா, உங்கள் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருங்கள். அவருடைய விசுவாசத்தை அளக்க எந்த மனிதனுக்கும் படி கொடுக்கப்படவில்லை.

என்னோடு வேலை பார்த்த வைணவ நண்பர் ஒருவர் முன்பு ஒரு விளக்கம் சொன்னார். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் உவமையாகச் சொல்வார்கள் என்றார். லுத்தரன் சபையான் எதைச் சொல்வான் என்று கேட்டார். பூனை என்றுதான் சொன்னேன். ஆனால் கவ்வப்பட்ட பூனைக் குட்டி உடம்பைத் தளர்த்தி அடங்கிக் கிடக்கிறதே, திமிறாமல் தன்னை விட்டுக்கொடுக்கிறதே, அதற்குத்தான் விசுவாசம் என்று பெயர் என்பது பிறகுதான் எனக்குத் தோன்றிற்று. இதை அவரிடம் சொல்லும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

10 மார்ச் 2024, லெந்து நான்காம் ஞாயிறு

இன்று எங்கள் கோயிலில் எபேசியர் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." மாலையில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா மாதா ஆலயத்துக்குப் போகிறவர். காலைத் திருப்பலியில் தாமும் அதே பகுதியைக் கேட்டதாகச் சொல்லி, உள்ளே போய் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பை எடுத்து வந்தார். எங்கள் கிருபை அங்கே அருள், எங்கள் விசுவாசம் நம்பிக்கை, எங்கள் ஈவு கொடை. வாசற்படியில் நின்றபடியே இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தோம்.

அவருடைய தாயார் மரியன்னை ஜெபத்தை "அருள் நிறைந்த" என்று சொல்லமாட்டாராம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்பாராம். பிரியத்தோடு தத்தம் செய்யப்பட்டது பிரியதத்தம். கிருபைக்கு இப்படி ஒரு தமிழ்ப் பெயர் இருந்ததை நான் 68 வயதில் ஒரு வாசற்படியில் நின்று கற்றுக்கொண்டேன். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லும் கொடை, தயவு, நன்றி ஆகிய மூன்றையும் குறிக்கும்; அதன் கொடைப் பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு வசனத்துக்காக நம் இரண்டு சபைகளும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையொன்று கண்டனம் செய்தன. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அன்றிக் கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அந்தக் கிருபை நம்மை நற்கிரியைகளுக்கு எழுப்புகிறது என்றும் இரண்டு சபைகளும் அதில் ஒருமித்துச் சொல்லின. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆக்ஸ்பர்க்கில் அவர்கள் கையெழுத்திட்ட நாளில் நான் என் பத்தாவது தவணையைக் கட்டியிருந்தேன். நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

11 மார்ச் 2024

அப்பாவின் விளக்கத்தைப் பற்றி மார்ச் 2 அன்று எழுதியது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நின்றதும் கஷ்டம்தான், அதற்கும் கூலி தகும் என்று அவர் சொன்னபோது, கடைசியில் வந்தவனுக்கு முழுப்பேர் கிடைக்க ஒரு நியாயம் தேடினார். அது அவருடைய இரக்கம். ஆனால் அந்த நியாயம் கிடைத்தவுடன் எஜமான் கொடுத்தது மறுபடியும் கூலியாகிவிடுகிறது. நின்றவன் உண்மையிலேயே மரநிழலில் தூங்கியிருந்தால்? அப்போதும் ஒரு பணம்தான். அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது, உங்களுக்கும் அங்கேதான் முட்டுகிறது என்று நினைக்கிறேன். அப்பா இருந்திருந்தால் இதை அவரோடு பேசியிருப்பேன்.

16 மார்ச் 2024

இதை எழுத எனக்கு ஐந்து நாட்கள் ஆயின.

நம் குடும்பங்களில் மொய் என்ற ஒன்று இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்யாணங்கள் மொய்ப் பணத்தில்தான் நடந்தன. வாங்கிய வீட்டுக்குத் திருப்பிச் செய்யும் செய்முறைதான் ஏழைகளை ஒருவருக்கொருவர் தாங்கிப் பிடிக்க வைத்தது. ஆனால் மொய் நோட்டோடு வளர்ந்தவனுக்கு, திருப்பிச் செய்ய முடியாத ஒன்றை வாங்கிக்கொள்ளத் தெரியாது. கொடுத்துவிட்டு மறக்கவும் தெரியாது.

மகளின் கல்யாணத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய்மாமன் 1,001 வெள்ளி மொய் எழுதினார். அன்று அவர் வாடகைக்கு எடுத்த வேன் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொகை அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அன்றிரவு எல்லோரும் தூங்கியபின் நான் 555 நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் 18,000 என்று எழுதி, அதன்கீழ் 1,001ஐக் கழித்து, 16,999 என்று சிவப்பு மையில் எழுதினேன்.

2016இல் எனக்கு இருதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மைத்துனர் வேலைக்குப் போகாமல் ஒன்பது இரவுகள் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். என் சிறுநீர்ப் பாத்திரத்தைக் கழுவினார். இருமல் வந்தால் தையல் பிரிந்துவிடாமல் தலையணையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆள் வைத்திருந்தால் ஓர் இரவுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதற்கும் அதே பக்கத்தில் ஒரு வரி எழுத நினைத்தேன். வீட்டுக்கு வந்தபின் பேனாவை எடுக்கக் கை எழவில்லை என்பது மட்டும் உண்மை.

ஐம்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கிருபை என்று பாடிய நாவுக்கும் அந்தக் கடைசிப் பக்கத்துக்கும் நடுவே என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கிருபையைத் தேவனிடமிருந்து பெறுகிற காரியம் என்று மட்டும் வைத்திருந்தேன். அதையும் நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் கிடைத்த முழுப்பேராகவே உள்ளுக்குள் எண்ணியிருக்கிறேன். தன்னைப் பிச்சைக்காரன் என்று ஒப்புக்கொள்ளாதவன் இன்னொருவனுக்கு ஈவாக எதையும் கொடுக்க முடியவில்லை. கடனாகத்தான் கொடுத்தேன், கடனாகவே மன்னித்தேன்.

23 மார்ச் 2024

தம்பி, உங்கள் இரண்டாவது கடிதம் கிடைத்தது. "நீங்கள் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் நான் அவனிடம் கல்லாச் சாவியைக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா?" என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: வேண்டாம்.

மன்னிப்பு ஒரே நாளில் கொடுக்கத் தொடங்கலாம். நம்பகம் நாள்பட வளர வேண்டியது. சூதுப் பழக்கம் உள்ளவன் கையில் கல்லாவைக் கொடுப்பது, குடிப்பழக்கத்தை விட முயல்கிறவனைச் சாராயக் கடையில் காவலுக்கு வைப்பதற்குச் சமம். அதில் கிருபை இல்லை, அவனுக்குத் தீங்கே உண்டு. பணம் தொடாத வேலை கொடுங்கள். சரக்கு இறக்கட்டும், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், கூலியைச் சரியாகக் கொடுங்கள். அவன் திருப்பித் தர விரும்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னபோது இயேசு வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஆனால் சகேயு திருப்பித் தருவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்கப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கிருபையின் போதனை பொறுப்பற்றவர்களை உண்டாக்குகிறது என்று எழுதினீர்கள் அல்லவா, அதற்கு இன்னும் ஒன்று. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு என்று தமிழில் பிரசங்கித்தவர். அவர் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் டேனிஷ் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். இறந்துபோன ஒரு தமிழ் நாவிதரின் கடன் வழக்கில், அந்த விதவைக்காகப் பரிந்து பேசியதுதான் தளபதியோடு ஏற்பட்ட மோதலுக்குக் காரணம். நம் சபையின் தொடக்கத்திலேயே ஒரு கடன் கணக்கு இருந்திருக்கிறது. அவர் அதை "ஆவிக்குரிய காரியமன்று" என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

31 மார்ச் 2024, உயிர்த்தெழுந்த பண்டிகை

மதியச் சாப்பாட்டுக்கு மைத்துனர் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் முன்கூடத்துக்குப் போனபின் அவரை நிறுத்தி, நோட்டை மேசைமேல் வைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பத்திரிகையில் பெயர் போடாததற்கும் இந்தப் பக்கத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். குரல் ஒழுங்காக வரவில்லை.

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும் அத்தான். கல்யாணம் முடிந்த மறுவாரமே அக்கா பார்த்துவிட்டு அழுதுகொண்டே சொன்னார்கள்" என்றார்.

பதினைந்து ஆண்டுகள். என் கணக்கில் தமக்கு 16,999 மீதி இருக்கிறது என்று தெரிந்தே அவர் அந்த நாற்காலியில் ஒன்பது இரவுகள் தூங்கியிருக்கிறார்.

நோட்டு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

3 ஏப்ரல் 2024

தம்பி, பண்டிகையன்று உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டதாகவும், ஒன்றும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். திங்கள் முதல் சரக்கு இறக்க வரச் சொன்னதும் சரி. வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இன்னும் நீக்கப்படவில்லை என்பதைப் படித்துத்தான் கவலைப்பட்டேன். சனிக்கிழமை மாலை வங்கிப் பத்திரங்களையும் கடைப் பேரேட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இருவரும் உட்கார்ந்து ஒழுங்குபடுத்துவோம். முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். எதில் கையெழுத்து எடுக்கப்படுகிறது, ஏன் எடுக்கப்படுகிறது என்பதை அவர் முன்னிலையிலேயே பேசிவிடுவது நல்லது. என் மைத்துனரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.